1999 குறுந்தட்டிலிருந்து புது பிளேட் வரை: ஒரு கோயில் மலர் மறுபதிப்பின் வேலைக் குறிப்பு

மலரின் கடைசிப் படிவம், அதாவது ஒரே தடவையில் அச்சாகும் தாள் முகம், இயந்திரத்திலிருந்து இறங்கிவிட்டது. ஏ4 அளவு, 96 பக்கம், 500 பிரதி. 80 பக்கம் ஒற்றைக் கறுப்பில், 80 கிராம் சிமிலி (பூச்சில்லாத) தாளில். 16 பக்கம் நாலு வண்ணத்தில், 128 கிராம் ஆர்ட் பேப்பரில் (வழவழப்பான பூச்சுத் தாள்). அட்டை 260 கிராம் ஆர்ட் கார்டு.

கோலாலம்பூர்க் கோயில் ஒன்று 1999இல் வெளியிட்ட குடமுழுக்கு மலரைப் பழைய விளம்பரங்களோடு அப்படியே மறுபதிப்புச் செய்ய வேண்டும், கூடவே 6 பக்கத்துக்குப் புதுக் கட்டுரை ஒன்றும் சில புதுப் படங்களும் சேர வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கையில் இருந்தவை ஒரு குறுந்தட்டும், ஓரம் மஞ்சளடித்த ஒரே ஒரு அச்சுப் பிரதியும். மூன்று வாரம் என்று போட்ட கணக்கு ஏழு வாரமாக நீண்டது. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் நெருங்கி வரும் பருவம். புத்தாண்டுக்கு இங்கே பெரும்பாலான அச்சகங்கள் ஒரு வாரமாவது மூடிவிடும். அதற்குள் பிளேட் (அச்சு இயந்திரத்தில் மாட்டும் உலோகத் தகடு) போட்டாக வேண்டிய நெருக்கடியில் எடுத்த குறுக்குவழிகளும் கீழே வருகின்றன. அவை எதுவும் நேரத்தை மிச்சப்படுத்தவில்லை.

குறுந்தட்டு

விண்டோஸ் கணினி தட்டைக் காலி என்றது. தட்டு கெடவில்லை. அது மேக்கில், பழைய எச்எஃப்எஸ் கோப்பு அமைப்பில் எழுதப்பட்டிருந்தது. புது மேக்கும் உதவாது, 10.15 பதிப்பிலிருந்து மேக் ஓஎஸ் அந்த அமைப்பைப் படிப்பதை நிறுத்திவிட்டது. 10.13 ஓடும் பழைய ஐமேக் ஒன்றை இரவல் வாங்கி, லோயாட் பிளாசாவில் 65 ரிங்கிட்டுக்கு யூஎஸ்பி தட்டு இயக்கி ஒன்று வாங்கிய பிறகு தட்டு திறந்தது. உள்ளே 412 கோப்புகள். பாதிக்கு மேல் பெயருக்குப் பின்னால் நீட்டிப்பே கிடையாது.

முதல் தவறு இங்கேதான். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு நேரே விண்டோசுக்குக் கொண்டுபோனோம். படங்கள் வந்தன, எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் 0 பைட். அந்தக் கால மேக்கின் டைப் 1 எழுத்துரு (அடோபியின் பழைய எழுத்துரு வடிவம்) தன் சரக்கு முழுவதையும் கோப்பின் இரண்டாம் கிளையான ரிசோர்ஸ் ஃபோர்க்கில் வைத்திருக்கும். பென்டிரைவில் அந்தக் கிளை, புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் மறைவான தனிக் கோப்பாகப் பிரிந்து விழும். குப்பை என்று நினைத்து அந்தக் கோப்புகளை அழித்தும்விட்டோம். மறுபடி தட்டிலிருந்தே தொடங்கினோம். இந்தமுறை மேக்கிலேயே டிஸ்க் இமேஜ் (தட்டு முழுவதின் அப்படியே நகல்) ஒன்று எடுத்து வைத்து, எழுத்துருக்களை அங்கேயே டி1அன்மேக் என்ற சிறு கருவியால் விண்டோசும் படிக்கும் பிஎஃப்பி வடிவுக்கு மாற்றிய பிறகே வெளியே எடுத்தோம்.

நீட்டிப்பு இல்லாத கோப்பு என்ன வகை என்று அறிய ஹெக்ஸ் பார்வையில் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டுவது) முதல் சில பைட்டைப் பார்த்தால் போதும். 'ஐஐ' என்று தொடங்கினால் இன்டெல் வரிசை டிஃப் (ஒரு பட வடிவம்), 'எம்எம்' என்றால் மோட்டரோலா வரிசை டிஃப். இரண்டிலும் அடுத்து 42 என்ற எண் நிற்கும். '8பிபிஎஸ்' என்றால் போட்டோஷாப். விழுக்காட்டுக் குறியும் ஆச்சரியக் குறியும் அடுத்து 'பிஎஸ்' எழுத்துகளும் வந்தால் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி, பெரும்பாலும் அதில் எழுதிய இபிஎஸ் படம். விண்டோசில் செய்த இபிஎஸ் சிலவற்றில் போஸ்ட்ஸ்கிரிப்டுக்கு முன்னால் 30 பைட் தலைப்பும், தனியாக ஒரு டிஃப் முன்னோட்டமும் ஒட்டியிருக்கும். சில மென்பொருள்கள் அதைத் திறக்க மறுப்பது இதனால்தான். பிரித்து முடித்தபோது டிஃப் 140, இபிஎஸ் 171, பேஜ்மேக்கர் 6.5 (அக்காலப் பக்கம் கட்டும் மென்பொருள்) கோப்புகள் 9, மிச்சம் எழுத்துருவும் உதிரிகளும்.

ஐந்து துண்டுப் படங்கள்

இபிஎஸ் 171 என்று எண்ணியது ஏமாற்று. அவற்றில் 84 கோப்புகள் டிசிஎஸ் வகை. ஒரு வண்ணப்படத்தை ஐந்து கோப்பாக உடைத்து வைப்பது இதன் வழக்கம். ஒரு தலைமைக் கோப்பு, பிறகு சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்புக்கு ஒவ்வொன்று. பக்கத்தில் தலைமைக் கோப்பை வைப்பார்கள். பிளேட்டுக்குப் பிலிம் எடுக்கும்போது இயந்திரம் மற்ற நான்கையும் தேடி எடுத்துக்கொள்ளும். தலைமைக் கோப்பில் இருப்பது 72 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) முன்னோட்டம் மட்டுமே. 17 படத்துக்கு 85 கோப்பு இருக்க வேண்டும். ஒன்று குறைவதை அப்போது கவனிக்கவில்லை.

கோப்புப் பெயர்களில் இருந்த இடைவெளிகளை எடுத்துவிட்டு ஒழுங்காகப் பெயர் மாற்றியது அடுத்த தவறு. தலைமைக் கோப்புக்குள்ளே நான்கு துணைக் கோப்புகளின் பெயர் எழுத்துக்கு எழுத்து பதிவாகியிருக்கும். பெயர் மாறினால் அது யாரையும் கண்டுபிடிக்காது. சத்தமில்லாமல் முன்னோட்டத்தையே கொடுத்துவிடும். திரையில் சிறிதாகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை. டிஜிட்டல் மெய்ப்பு எடுத்தபோதுதான் கோபுரம் முழுக்கப் படிக்கட்டு படிக்கட்டாக நின்றது.

தலைமைக் கோப்பை நம்பாத வழி ஒன்று கைகொடுத்தது. நான்கு வண்ணக் கோப்புகளையும் போட்டோஷாப்பில் தனித்தனியே திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் சாம்பல்நிறப் படமாக வரும். திறக்கும் பெட்டியில் நான்குக்கும் ஒரே பிக்சல் அளவு காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சேனல் தட்டில் 'மெர்ஜ் சேனல்ஸ்', சிஎம்ஒய்கே, நான்கையும் வரிசைப்படி கொடுத்தால் முழுப்படம் ஒன்றாகச் சேரும். சுருக்காத டிஃப்பாகச் சேமித்தோம். டிஃப்பை எல்இசட்டபிள்யூ முறையில் சுருக்கினாலும் தரம் குறையாது. ஆனால் நல்ல புகைப்படத்தில் பெரிதாக இடமும் மிச்சமாகாது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய 6 நிமிடம். 16 படம் ஒரே பிற்பகலில் முடிந்தது.

பதினேழாவது படத்துக்கு மஞ்சள் இல்லை. காணாமல்போன கோப்பு அதுதான். தட்டில் எங்கும் கிடைக்கவில்லை. மற்ற மூன்று வண்ணத்தைக் கொண்டு மஞ்சளை ஊகித்துப் போடலாமா என்று ஒரு மணி நேரம் முயன்றோம். தங்கக் கவசம் ஊதா நிறத்துக்குப் போனது. கடைசியில் அச்சுப் பிரதியையே ஸ்கேன் செய்தோம். 300 பிபிஐயில் எடுத்த முதல் ஸ்கேனில் அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் கட்டமும் மோதி மாய்ரே என்ற அலை அலையான கோலம் விழுந்தது. 1,200 பிபிஐயில் எடுத்து, புள்ளிகள் ஒன்றோடொன்று கரையும் அளவுக்கு மட்டும் காஸியன் பிளர் (மங்கலாக்கும் வசதி) கொடுத்து, அதன் பிறகு 300க்கு இறக்கி, லேசாகக் கூர்மை ஏற்றியபோது அலை போனது. படம் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கிறது. உள்பக்கத்தில் கால் பக்க அளவுக்குச் சிறிதாக்கி வைத்தோம்.

கோட்டோவியங்களில் வேறொரு கைத்தவறு. மூலம் 1 பிட் டிஃப், 1,200 பிபிஐ. கறுப்பு அல்லது வெள்ளை, நடுவே எதுவும் இல்லை. 'எல்லாப் படமும் 300' என்ற பழக்கத்தில் அவற்றைச் சாம்பல்நிறமாக்கி 300க்கு இறக்கிவிட்டோம். அப்படிச் செய்தால் கோட்டின் விளிம்பில் சாம்பல் பிக்சல் சேரும். பிளேட்டில் சாம்பல் என்று ஒன்று கிடையாது, புள்ளிதான். கோடு மயிர்க்காலிட்டு நிற்கும். பழைய டிஃப்பை அப்படியே வைத்ததே சரி. 1 பிட் படத்தின் வெள்ளைப் பகுதியை, நாம் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைன் ஒளிபுகும் பரப்பாகவே எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் வசதி. பின்னால் லேசான நிறம் போட்டு அதன்மேல் கோலத்தை வைக்கலாம்.

பேஜ்மேக்கரும் 8 பிட் தமிழும்

பேஜ்மேக்கர் 6.5 கோப்பைத் திறந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. அது கையில் இல்லை. லிப்ரேஆபிஸ் டிராவில் ஒன்பது கோப்பும் திறந்தன. பக்க அமைப்பு சற்றுக் கலைந்தே வந்தது. ஆனால் நமக்கு வேண்டியது வாசகம் மட்டும். பக்கத்தை அச்சுப் பிரதியைப் பார்த்து புதிதாகக் கட்டுவதுதான் திட்டம்.

வந்த வாசகம் ஒருங்குறி (யூனிகோட்) அல்ல. 8 பிட் தமிழ் எழுத்துரு; லத்தீன் எழுத்துகளின் இருக்கையில் தமிழை உட்கார வைத்த காலத்தது. இணையத்தில் கிடைக்கும் மாற்றிகளில் போட்டதும் பாதி சரியாகவும் பாதி அலங்கோலமாகவும் வந்தது. எழுத்துருவின் குறியாக்கம் வேறு என்று நினைத்து இரண்டு நாளை வீணடித்தோம். குறை அங்கே இல்லை. மேக்கும் விண்டோசும் 128க்கு மேற்பட்ட எண்களுக்கு வெவ்வேறு லத்தீன் எழுத்துகளை வைத்திருக்கின்றன. 128ஆம் எண் மேக்கின் வரிசையான மேக் ரோமனில் இரட்டைப்புள்ளி போட்ட ஒரு லத்தீன் எழுத்து. விண்டோஸ் 1252இல் அது யூரோ குறி. மாற்றிகள் விண்டோஸ் வரிசையை எதிர்பார்க்கின்றன. நம் வாசகம் மேக் வரிசையில் வந்திருந்தது. வாசகத்தை முதலில் மேக் ரோமன்படி வெறும் பைட்டுகளாகத் திருப்பி, பிறகு நாமே செய்த அட்டவணையால் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அட்டவணைக்கு, பழைய ஐமேக்கில் 32 முதல் 255 வரை 224 எழுத்துகளையும் அந்த எழுத்துருவிலேயே ஒரு தாளில் அச்சிட்டுப் பார்த்து எண்ணுக்கு எண் நிரப்பினோம். பைதானில் நிரல் 60 வரியைத் தாண்டவில்லை.

அட்டவணையால் மட்டும் தீராதது எழுத்து வரிசை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டியிருப்பார்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் மெய் முன்னால் வரும், உயிர்க்குறி பின்னால். இதைத் திருப்புவது எளிது. சிக்கல் ஔகாரத்தில். அதன் வலப்பக்கக் குறியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒரே எண். 'மெளனம்' என்றிருந்தால் மௌனம் ஆக்க வேண்டும். 'தெளிவு' என்றிருந்தால் தொடவே கூடாது. ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரம், வெறுமனே நின்றால் ஔகாரக் குறி என்று விதி எழுதினோம். விதி மாற்றிய இடங்கள் 63. அனைத்தையும் கண்ணால் பார்த்ததில் தவறாகப் போனவை இரண்டு. நாட்டுப்பாடல் ஒன்றில் 'வெளக்கு' என்று பேச்சுவழக்கில் இருந்ததை 'வௌக்கு' ஆக்கியிருந்தது.

கோயில் மலரில் நூற்றுக்கணக்கில் வரும் 'ஸ்ரீ' இன்னொரு தலைவலி. ஒருங்குறியில் இதை ஸகரத்தோடும் எழுதலாம், ஶகரத்தோடும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. தேடினால் ஒன்று மட்டுமே அகப்படும். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாக்கும், மற்றதைப் புள்ளியோடு உடைத்துக் காட்டும். வாசகம் முழுவதிலும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே பக்கம் கட்டத் தொடங்கினோம்.

இன்டிசைனில் பத்தி நடையை அமைக்கும்போதே வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்துவிட வேண்டும். மறந்தால் ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். எந்தக் கோப்பும் திறக்காத நிலையில் இதை மாற்றி வைத்தால் அடுத்து உருவாக்கும் எல்லாக் கோப்புக்கும் அதுவே இயல்பாகிவிடும். இரண்டு பக்கமும் சீராக்கிய பத்தியில் தமிழின் நீண்ட சொற்கள் பெரிய பெரிய ஓட்டை விடும். குறுகிய பத்திகளை இடப்பக்கம் மட்டும் சீராக்கினோம். மெய்ப்புத் திருத்தம் எல்லாம் வாசகக் கோப்பில்தான் நடந்தது. பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்துத் திருத்தி ஒட்ட முயன்றால் கொம்பும் காலும் இடம் மாறும்.

விளம்பரங்கள்

மஸ்ஜித் இந்தியா சேலைக்கடை, பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை, பேஜர் எண் போட்ட விளம்பரங்கள் கூட உண்டு. கால ஆவணம் என்பதால் எதையும் மாற்றக்கூடாது என்பது நிபந்தனை. எல்லாம் இபிஎஸ், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மென்பொருளில் செய்தது.

எழுத்துரு உள்ளே பதியாத இபிஎஸ்ஸைக் கோஸ்ட்ஸ்கிரிப்டில் (போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடிஎஃப்பாக்கும் கருவி) ஓட்டினால் தமிழ் இருந்த இடத்தில் கூரியர் எழுத்துருவில் லத்தீன் எழுத்துகள் வரும். பிஎஃப்பி ஆக்கி வைத்த எழுத்துருக்களை அதன் ஃபான்ட்மேப் கோப்பில் பெயரோடு சேர்த்த பிறகு தமிழ் திரும்பியது. இபிஎஸ்கிராப் என்ற விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் முழுத்தாளின் மூலையில் ஒட்டிக்கொண்டு பாதி வெட்டுப்படும். அடோபி மென்பொருள்கள் 2023 ஜனவரியோடு டைப் 1 எழுத்துருவைக் கைவிட்டுவிட்டதால், எழுத்துகளைக் கோட்டுருவமாக்கிய பிடிஎஃப்பாகவே வெளியே எடுத்தோம். கோஸ்ட்ஸ்கிரிப்டில் நோஅவுட்புட்ஃபான்ட்ஸ் என்ற விருப்பம் அதைச் செய்கிறது.

பிறகு அக்ரோபாட்டில் அவுட்புட் பிரிவியூ, எந்தெந்தப் பிளேட் வரும் என்று காட்டும் திரை. நாலு பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு. பான்டோன் 185 (தனியாகக் கலந்து வரும் மை) என்ற ஒரே சிவப்பு மூன்று பெயரில்: ஒன்று 'சிவி', ஒன்று 'சிவிசி', ஒன்று வெறும் 'சி' என்ற பின்னொட்டோடு. நமக்கு ஒரே மை, கணினிக்கு மூன்று. நான்காவது, பான்டோன் 871 என்ற உலோகத் தங்கம். இங்க் மேனேஜரில் எல்லாவற்றையும் நாலு வண்ணத்துக்கு மாற்றினோம். சிவப்பு பரவாயில்லை. தங்கம் கடுகு நிறத்துக்குப் போனது. நாலு வண்ணத்தில் மினுக்கு வராது. ஐந்தாவது மைக்குத் தனிச் செலவு என்பதால் கடுகு நிறத்தோடு சமாதானம்.

அதே திரையில் இன்னும் இரண்டு கண்ணிவெடிகள். கறுப்பு என்று நினைத்து 'ரெஜிஸ்ட்ரேஷன்' நிறத்தில் சட்டம் போட்ட விளம்பரங்கள் நாலு. நாலு மையும் 100, ஆக மொத்தம் 400%. ஆர்ட் பேப்பருக்கே 300லிருந்து 330 வரைதான் தாங்கும். கோலாலம்பூர் ஈரக்காற்றில் 400% மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். வெறும் கறுப்பாக்கினோம். மற்றது, சிவப்புத் தளத்தின் மேல் ஓவர்பிரின்ட் கொடுத்த வெள்ளை எழுத்து. வெள்ளைக்கு மை கிடையாது. ஓவர்பிரின்ட் என்றால் கீழே உள்ள சிவப்பை வெட்டாது. ஆக அச்சில் கடையின் பெயரே இருக்காது. சாதாரணப் பார்வையில் எழுத்து பளிச்சென்று தெரியும். ஓவர்பிரின்ட் பார்வையைப் போட்டால்தான் மறையும்.

வாட்சாப் படங்கள்

புதுப் படங்கள் வாட்சாப்பில் 1,600 பிக்சல் அகலத்தில் வந்தன. ஓரம்வரை படம் போகும் ஏ4 பக்கத்துக்கு இரு பக்கமும் 3 மிமீ ப்ளீட் (வெட்டிப்போகும் ஓரம்) சேர்த்து 216 மிமீ. 300 பிபிஐக்கு 2,551 பிக்சல் வேண்டும். 1,600ஐ அந்த அகலத்துக்கு இழுத்தால் 188 பிபிஐதான் மிஞ்சும். அதோடு இரண்டு முறை ஜேபெக் சுருக்கம் பட்டிருந்ததால் 8க்கு 8 கட்டங்கள் வானத்தில் தெரிந்தன. 'டாக்குமென்டாக அனுப்புங்கள்' என்று கேட்டதும் அசல் கோப்பே வந்தது. அதில் பாதி ஐபோனின் எச்இஐசி வடிவப் படங்கள். டிஃப்பாக்கி, ஐஎஸ்ஓ கோட்டட் வி2 300% புரொஃபைலுக்கு (பூச்சுத் தாளுக்கான நிற வரையறை) மாற்றினோம்.

பிடிஎஃப்: எக்ஸ்-1ஏவா எக்ஸ்-4ஆ

வண்ணப் பக்கங்களில் படக்குறிப்புகளுக்குப் பின்னால் நிழல் வைத்திருந்தோம். முதலில், அச்சுக்கான பிடிஎஃப் வகைகளில் ஒன்றான எக்ஸ்-1ஏ. அதில் ஒளிபுகும் அடுக்குகளுக்கு இடமில்லை, எல்லாம் தட்டையாக்கப்படும். நிழலோடு உரசிய தமிழ் எழுத்துகள் கோட்டுருவமாகி, உரசாத எழுத்துகளைவிட ஒரு சுற்று தடித்தன. ஒரே வரியில் பாதி மெலிந்தும் பாதி தடித்தும். மெல்லிய வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. அவை திரையின் மாயம்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு ஒரே அகலத்தில் நின்றால் அது அச்சில் வராது.

உடனே எக்ஸ்-4க்குத் தாவினோம். அது ஒளிபுகும் அடுக்கை அப்படியே வைத்துக்கொள்ளும், அச்சகத்தின் ரிப்தான் (பிடிஎஃப்பைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக்குவது) கடைசியில் தட்டையாக்க வேண்டும். நம் அச்சகத்தின் ரிப் பழையது. மெய்ப்பில் 9ஆம் பக்கத்து நிழல் வெள்ளைப் பெட்டியாக வந்தது. நல்லவேளை, அது ஏ3 டிஜிட்டல் மெய்ப்பு. தாளுக்கு 4 ரிங்கிட்டோடு போயிற்று. மறுபடி எக்ஸ்-1ஏ. இந்தமுறை எழுத்துகள் முழுவதையும் மேலே தனி அடுக்கில் ஏற்றி, நிழலும் படமும் கீழே. உரசல் இல்லை, தடிப்பும் இல்லை. எக்ஸ்-4 நல்ல வடிவம், ஆனால் அச்சகத்தில் என்ன ரிப் என்று கேட்காமல் அனுப்பக்கூடாது. கேட்க ஒரு தொலைபேசி அழைப்புதான்.

90 விழுக்காட்டுக் கறுப்பு

பணம் போனது இங்கே. புது 6 பக்கக் கட்டுரை வேர்டில் அழகாகவே கட்டி வந்தது. நேரமில்லை என்று அதன் பிடிஎஃப்பை அப்படியே கறுப்புப் பகுதியில் 41 முதல் 46 வரை செருகினோம். வேர்டின் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு, அதாவது திரைக்கான கறுப்பு. அக்ரோபாட்டில் இயல்பாக இருந்த அமெரிக்க ஸ்வாப் வி2 புரொஃபைலில் அது சியான் 75, மஜென்டா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 ஆனது. வண்ணப் பகுதியாக இருந்தால் நாலு பிளேட்டிலும் எழுத்து விழுந்து, பிளேட்டுகளின் பதிவு அரை மயிரிழை விலகினாலும் நிழல் தட்டும். இது ஒற்றைக் கறுப்புப் பகுதி. அச்சகம் கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. 90% என்பது முழுக் கறுப்பு அல்ல, புள்ளிகளால் ஆனது. 10 பாயின்ட் அளவுத் தமிழ் எழுத்தின் சுழி ஒவ்வொன்றும் ரம்பப் பல்லாக வந்தது.

இயந்திரத்தில் தாள் பிரிவு 4 பக்கம். 41–44 ஒன்று, 45–48 ஒன்று. பிரிவுக்கு இரண்டு முகம், ஆக 4 பிளேட் வீண். வாசகத்தை இன்டிசைனில் கொட்டி, கறுப்பு 100% கொடுத்து, அந்த 4 பிளேட்டையும் மறுபடி போட்டோம்.

அதற்குப் பிறகு பிளேட்டுக்கு முன்னால் 1 பிட் டிஃப்பைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதை வழக்கமாக்கினோம். ரிப் கடைசியில் கக்குவது அதுதான்: பிளேட்டுக்கு ஒரு கோப்பு, 2,400 டிபிஐ, புள்ளிகள் உட்பட எல்லாம் அச்சில் வரப்போகிறபடியே. 520க்கு 370 மிமீ படிவம் ஒன்று சுருக்காமல் சுமார் 215 எம்பி. எழுத்துப் பக்கம் என்றால் ஜி4 சுருக்கத்தில் வெகுவாகக் குறையும். எழுத்தை 400% பெரிதாக்கிப் பார்த்து, உள்ளே ஓட்டை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

கணக்கு

படிவத்துக்கு இரண்டு ஏ4. கறுப்பு 80 பக்கத்துக்கு 40 பிளேட். வண்ணம் 16 பக்கத்துக்கு 8 படிவம், 32 பிளேட். அட்டைக்கு 4. ஆக 76; பிளேட் 18 ரிங்கிட், மொத்தம் 1,368. வீணானது 72 ரிங்கிட். மெய்ப்புத் தாள் 31, அதாவது 124. தட்டு இயக்கி 65. முதுகுத் தடிமன் கணக்கில் 5 மிமீ வந்தது; 48 தாளை அடுக்கி காலிப்பரில் அளந்தபோதும் 5 என்றே காட்டியது. அட்டையைக் கடைசியாகச் செய்ததால் அதில் திருத்தம் வரவில்லை.

அடுத்தமுறை மாற்ற வேண்டியவை சிலதான். தட்டைத் திறந்த அன்றே டிஸ்க் இமேஜ். டிசிஎஸ் கோப்புகளை முதல் நாளே ஐந்தைந்தாக எண்ணிப் பார்ப்பது. அடுத்தவர் கட்டிய பிடிஎஃப்பை வாங்கிச் செருகாமல் வாசகத்தை மட்டும் வாங்குவது. எச்இஐசி மாற்றத்தைக் கடைசி வாரத்துக்கு விடாமல் இருப்பது.

கோயில் அலுவலகத்தில் ஒப்படைத்த பெட்டியில் இரண்டு டிரைவ்கள், ஒன்றின் நகல் மற்றது. உள்ளே இன்டிசைன் பேக்கேஜ், எழுத்துருக்கள், எக்ஸ்-1ஏ, நிழலைத் தட்டையாக்காத எக்ஸ்-4, முழு வாசகமும் யூடிஎஃப்-8இல், பழைய தட்டின் இமேஜ், எழுத்து அட்டவணை அச்சிட்ட அந்தத் தாளின் ஸ்கேன். மஞ்சள் இல்லாத படத்தின் மற்ற மூன்று வண்ணக் கோப்புகளையும் தனிக் கோப்புறையில் போட்டிருக்கிறோம். யாரிடமாவது பழைய பிலிம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம்.